நியாயஸ்தலத்தின் வாசற்படி - 14: சூரத்திலிருந்து வந்த பிடிவாரண்டு

சென்ற வாரம் சம்மனைப் பற்றி எழுதியபோது, அதை வாங்காமல் கதவைச் சாத்திக்கொள்கிறவர் பின்னால் படும் பாட்டைப் பிறகு சொல்கிறேன் என்று நிறுத்தியிருந்தேன். அந்தப் பாட்டை முழுவதும் பட்டுவிட்டு என்னிடம் வந்த ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவரை முன்னால் நிறுத்திக்கொண்டு சொன்னால் விஷயம் சுலபமாக விளங்கும்.

சூரத்திலிருந்து சேலைத் துணியைக் கடனுக்கு வரவழைத்து, சரக்குக்கு ஈடாகத் தேதி தள்ளிப் போட்ட செக்குகளைக் கொடுத்துவந்த மனிதர் அவர். ஒரு தீபாவளி வியாபாரம் படுத்துப்போனதில் அவற்றில் இரண்டு, கணக்கில் பணமில்லையென்று திரும்பின. அதன்பின் குஜராத்தியில் வந்த காகிதங்களை, படிக்கத் தெரியாத எழுத்துக்குப் பயப்படுவானேன் என்று மேஜை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். மூன்று வருஷம் கழித்து ஒருநாள் சாயங்காலம், உள்ளூர் ஏட்டையாவோடு புதுமுகமாய் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனதாகக் கடைப் பையன் சொன்ன க்ஷணத்திலேயே, கரூரிலுள்ள மைத்துனர் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். பதினோராம் நாள் அந்த மைத்துனர்தான் அவரைக் கையைப் பிடித்து என் அறைக்கு அழைத்து வந்தார்.

"செக்கு குடுத்தது ஈரோட்டுல, பேங்கு ஈரோட்டுல, நானும் ஈரோட்டுலதானுங்க இருக்கறேன். குஜராத்துக் கோர்ட்டுக்கு என் மேல என்னங்கய்யா அதிகாரம்?" என்று கேட்டார்.

கேள்வி அசட்டுத்தனமானதல்ல. 2014 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில், செக் எந்த பாங்கின் மேல் எழுதப்பட்டதோ அந்த பாங்கு இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டுமென்று தீர்ப்பளித்தது; அந்தத் தீர்ப்பு நிலைத்திருந்தால் சூரத்து வியாபாரிதான் ஈரோட்டுக்கு நடையாய் நடந்திருப்பார். ஆனால் கடன் கொடுத்தவர்கள் போட்ட கூக்குரல் டில்லிக்கு எட்டி, அடுத்த வருஷமே பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. செக்கைத் தம் கணக்கில் போட்டு வசூலிக்க முயன்றவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர் நியாயஸ்தலத்துக்கே அதிகாரம் என்று ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டு வியாபாரி பெயருக்கு வெளிமாநிலப் பிடிவாரண்டு வருவதற்கு இந்தத் திருத்தம் ஒரு பெரிய வாசல்.

"மூணு வருசம் ஆயிருச்சுங்களே, காலாவதி ஆகாதுங்களா?" என்றார் மைத்துனர். ஆகாது. பிறப்பித்த நியாயஸ்தலம் ரத்து செய்கிறவரையிலோ, நிறைவேற்றப்படுகிற வரையிலோ பிடிவாரண்டு உயிரோடிருக்கும். அதை இந்தியாவின் எந்த மூலையிலும் நிறைவேற்றலாம் என்பதும் அதே சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70, 77ஆம் பிரிவுகளில் இருந்த இந்த விதிகள், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72, 79 என்று எண் மாறி உட்கார்ந்திருக்கின்றன, சரக்கு ஒன்றுதான். எழுத்தில் இருக்க வேண்டும், நீதிபதியின் கையெழுத்தும் நியாயஸ்தலத்தின் முத்திரையும் இருக்க வேண்டும் என்பதும் அந்த 72ஆம் பிரிவில்தான் வருகிறது. ஆகவே, டெலிபோனில் தோன்றி 'உன்னை டிஜிட்டலில் கைது செய்துவிட்டோம், பணம் அனுப்பு' என்று மிரட்டும் ஆசாமிகளுக்கும் வாரண்டுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பதை இடையில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன்.

என் கட்சிக்காரரின் பயமெல்லாம், பிடித்த கையோடு விலங்கு மாட்டி ரயிலேற்றிவிடுவார்கள் என்பதே. சட்டம் அவ்வளவு அவசரப்படவில்லை. பிறப்பித்த நியாயஸ்தலம் பிடிபட்ட இடத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குள் இல்லாவிட்டால், பிடிபட்டவரை முதலில் அந்த இடத்து நிர்வாக மாஜிஸ்டிரேட்டிடமோ, போலீஸ் சூப்பிரண்டிடமோ, கமிஷனரிடமோ கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவர்கள் இவர்தான் அவர் என்று கண்ட பிறகே அனுப்பலாம். அனுப்புவதற்கும் ஒரு விலக்கு உண்டு: குற்றம் ஜாமீனில் விடத்தக்கதாக இருந்து, பிடிபட்டவர் ஜாமீன் கொடுக்கச் சித்தமாகவும் இருந்தால், அந்த அதிகாரி ஜாமீனை வாங்கிக்கொண்டு பத்திரத்தை, வாரண்டு பிறப்பித்த நியாயஸ்தலத்துக்கு அனுப்பிவிட வேண்டும். செக் வழக்கு, தண்டனை இரண்டு வருஷம் வரை போகலாமென்றாலும், ஜாமீனில் விடத்தக்க வழக்குத்தான். ஜாமீனில் விடத்தகாத குற்றமானால் பிடிபட்ட ஜில்லாவின் தலைமை ஜூடிஷியல் மாஜிஸ்டிரேட்டோ செஷன்ஸ் நீதிபதியோ காகிதங்களைப் பார்த்து ஜாமீன் தரலாம். அதே சன்ஹிதாவின் 82, 83ஆம் பிரிவுகளில் இத்தனையும் பகிரங்கமாக அச்சாகியிருந்தும், பிடிபட்டவரும் அறியாமல், பிடித்தவரும் நினைவூட்டாமல், ஒன்றரை நாள் ரயில் பிரயாணத்துக்குப் பிறகுதான் வக்கீல் முகத்தையே பார்க்கிறவர்கள் உண்டு.

வாரண்டு கோர்ட்டிலிருந்து வராமல், வேறு மாநிலத்துப் போலீசார் எப்.ஐ.ஆர். மட்டும் போட்டிருக்கும் கட்டமானால் வழி வேறு. அங்கே போய்ச் சேரும் வரைக்குமான முன்ஜாமீனை இங்குள்ள ஹைகோர்ட்டோ செஷன்ஸ் கோர்ட்டோ தரலாமென்று 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அதைத் தனியே ஒரு வாரம் எடுத்துக்கொள்வோம்.

என் கட்சிக்காரருக்குப் பிடிபடும் வரை காத்திருக்கிற யோசனையை நான் சொல்லவில்லை. ஒளிந்திருப்பது நீடித்தால் தலைமறைவானவர் என்று பிரகடனம் வரும், அதன்பின் சொத்து ஜப்தி வரைக்கும் போகும். வாரண்டை ரத்து செய்யும் அதிகாரமோ அதைப் பிறப்பித்த நியாயஸ்தலத்திடம் இருக்கிறது. ஈரோட்டில் எத்தனை மனுப் போட்டாலும் அந்தக் காகிதம் சாகாது. என் குமாஸ்தா கோர்ட்டு இணையதளத்தில் வழக்கின் பதினாறு இலக்க எண்ணைக் கண்டுபிடித்து, அடுத்த வாய்தா எந்தத் தேதி என்றும் எடுத்துத் தந்தான். சூரத்தில் ஒரு வக்கீலை அமர்த்தி, வக்காலத்தும் ரீகால் பெட்டிஷனும் தயாராக்கி, மைத்துனரையும் கூட அனுப்பி, பிடித்துக்கொண்டு போவதற்கு முன் தாமாகவே போய் நிற்கும்படி செய்தேன்.

பதினோரு நாள் தூக்கத்தைத் தின்ற விவகாரம் அங்கே பத்து நிமிஷத்தில் முடிந்ததாம். ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி, சிறு தொகை செலவுத்தொகை, புதிய ஜாமீன் பத்திரம், வாரண்டு ரத்து. வெளியே வராந்தாவில், மூன்று வருஷமாக முகம் பார்த்திராத வாதியும் பிரதிவாதியும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்திருக்கிறது. செக் வழக்கை இரு தரப்பும் ஒத்துக்கொண்டு ராஜியாக முடித்துக்கொள்ளச் சட்டமே இடங்கொடுப்பதால், அடுத்த வாய்தாவுக்குள் ஆறு தவணையில் கணக்குத் தீர்ப்பதென்று பேசி முடித்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் எனக்கு ஒரு பெட்டி இனிப்பும், தாம் பிடித்துவந்த புதிய சரக்கின் சாம்பிள் துண்டொன்றும் கொண்டுவந்து வைத்தார். அதே வியாபாரியிடம்தான் வாங்கியிருந்தார்; அதுவும் கடனுக்கு. "ஈடாக என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் இனிப்புப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

(தொடரும்)