நகையூட்டும் செய்தித் தலைப்புகளும் தொகைமொழி மயக்கமும்

நாளிதழ்த் தலைப்புகளில் எழுதியவர் கருதாமலேயே நேர்ந்துவிடும் நகைச்சுவையை வானொலியில் வாசித்துக் காட்டும் மரபு பிரிட்டனில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. பிபிசி நான்காம் வானொலியில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய 'நியூஸ் குவிஸ்' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். நேயர்கள் அனுப்பிய செய்தித் துணுக்குகளும் அதில் இடம்பெறுவதுண்டு. செய்தியறிக்கை வாசிக்கும் அறிவிப்பாளரே அத்தகைய துணுக்குகளையும் சற்றும் குரல் மாறாமல் வாசிப்பது அதன் தனித்தன்மை எனலாம்.

இத்தகைய நகை தோன்றும் முறையை ஈண்டு நோக்குவோம். 'ஸ்குவாட் ஹெல்ப்ஸ் டாக் பைட் விக்டிம்' என்னும் தலைப்பு, 1980இல் அமெரிக்காவில் வெளிவந்த இத்தகைய துணுக்குத் தொகுப்பொன்றின் பெயராகவே அமைந்தது. நாய்க்கடிக்கு ஆளானவருக்குக் குழுவினர் உதவினர் என்பது கருதிய பொருள். அவரை நாய் கடிப்பதற்குக் குழுவினர் உதவினர் என்பது உடன்தோன்றும் பொருள். 'பைட்' என்னும் சொல் வடிவம் மாறாமலே பெயராகவும் வினையாகவும் நிற்பதும், இடச்சுருக்கம் கருதி 'தி' முதலிய சிறுசொற்கள் விடப்பட்டதுமே இம்மயக்கத்திற்குக் காரணங்களாகும். அச்சில் இரு பொருளும் அருகருகே நிற்கின்றன. வாய்விட்டு வாசிப்பவரோ அழுத்தத்தாலும் இடைநிறுத்தத்தாலும் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும். செய்தியை முன்பே அறிந்த ஆசிரியரின் கண்ணுக்குப் புலப்படாத மறுபொருளை, அறியாதவரின் செவி உடனே பற்றிக்கொள்கிறது.

இம்மயக்கம் தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தடுமாறுதொழிற்பெயர் பற்றிக் கூறுகிறார். உரையாசிரியர்கள் காட்டும் 'புலி கொல் யானை' என்பதில் கொன்றது எது, இறந்தது எது என்பது உருபின்றித் துணியப்படுவதில்லை. தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரை பொருள்படும் என்கிறது நன்னூல். உரைகாரர் ஒன்றையொன்று கொல்லவல்ல விலங்குகளை எடுத்துக்கொண்டமை நோக்கத்தக்கது. நாய்க்கடித் தலைப்பில் உலகியலறிவு நம்மைக் காப்பாற்றுகிறது; ஆகவே சிரிக்கிறோம். புலியும் யானையும் நிற்குமிடத்தில் அவ்வறிவு உதவுவதில்லை.

'காவலர் தாக்கிய இளைஞர்' என்று உருபு தொக ஒரு தலைப்பு அமையுமாயின், தாக்கியவர் யார்? 'காவலரைத் தாக்கிய' என்றோ 'காவலரால் தாக்கப்பட்ட' என்றோ விரித்தாலன்றிக் குற்றம் யாருடையது என்பதே தடுமாறுகிறது. இங்கு நகைக்கு இடமில்லை. ஒருவரது நற்பெயரே உருபொன்றில் தங்கியுள்ளது.

வேற்றுமையுருபுகளைத் தேர்வுக்குரிய மனப்பாடமாகக் கற்பிக்கும் நாம், இத்தகைய தலைப்புகளை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் நலம். மாணவர் எழுதிய தலைப்பை, செய்தியறியாத மற்றொரு மாணவர் உரக்க வாசித்துத் தாம் உணர்ந்த பொருளைக் கூறட்டும். எழுதியவர் கருதியதும் கேட்டவர் உணர்ந்ததும் வேறுபடும் இடத்தில், உருபின் பயனை மாணவர் தாமே உணர்வர்.