விசிலுக்கு முந்தைய 15 நிமிடங்கள்

கோடைப் போட்டிகள் நடக்கும் மே மாதத்தில் காஞ்சிபுரத்து மைதானம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கே மண் சுடத் தொடங்கிவிடும். பள்ளி அணி வந்து இறங்கியதும் பி.டி. மாஸ்டர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "கிரவுண்டை அஞ்சு ரவுண்டு ஓடிட்டு வாங்கடா." ஓடிவிட்டு வந்து வட்டமாக நிற்பார்கள். குனிந்து கால்விரலைத் தொட்டபடி இருபது, முப்பது என்று எண்ணுவார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் வர வேண்டும். அவர் வந்து, இரண்டு அணியோடும் கைகுலுக்கி, படமெடுத்து, நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் கால் மணி நேரம் வெயிலில் கரைந்துவிடும். அதற்குப் பின்தான் விசில்.

வார்ம்-அப் வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் இப்படிச் செய்யும் வார்ம்-அப் பிள்ளைகளின் தாக்குப்பிடிக்கும் திறனை வளர்ப்பதில்லை, ஆட்டம் தொடங்கும் முன்பே அதில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறது. ஏன் என்று புரிந்துகொள்ள, தோலுக்கு அடியில் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடலின் உள் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தொடைத் தசையின் வெப்பம் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு. ஓடத் தொடங்கியதும் இந்த நிலை தலைகீழாகிறது. தசை எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது, மீதியெல்லாம் வெப்பம். அதனால் முதல் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள்ளேயே தசையின் வெப்பம் சட்டென்று ஏறிவிடும். பத்து முதல் இருபது நிமிடத்தில் ஒரு மட்டத்தில் நிற்கும். உடலின் உள் வெப்பம் அப்படியல்ல, அது மெதுவாக ஏறும், ஆனால் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு வேகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அதன்மீதுதான் நிற்கிறது.

சூடேறிய தசைக்கு என்ன லாபம்? தசை இழைகள் வேகமாகச் சுருங்கும், நரம்புச் செய்தி விரைந்து பாயும், மூட்டு வழவழப்பாக அசையும். இவை வேகத்துக்கும் உதைக்கும் உதவுபவை. தாக்குப்பிடிக்கும் திறனுக்கு உதவுவது வேறொன்று. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து வரும் ஹீமோகுளோபின், சூடான இடத்தில் தன் சுமையை எளிதாக இறக்கிவிடும். கூடவே இரத்தக் குழாய்களும் விரிந்திருக்கும். அசையாமல் நின்றவர் திடீரென்று ஓடினால், நுரையீரலும் இதயமும் தசையின் தேவையைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. அதுவரை தசை கையிருப்பில் வாழும்: சேமித்து வைத்த கிரியேட்டின் பாஸ்பேட், பிறகு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துக் கிடைக்கும் ஆற்றல். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கால் கனக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று பிள்ளைகள் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முன்கூட்டியே ஒருமுறை நன்றாக மூச்சு வாங்க ஓடி, சிறிது ஓய்வெடுத்தால், அடுத்த ஓட்டத்தில் ஆக்சிஜன் பயன்பாடு முன்னைவிடச் சீக்கிரம் சூடுபிடிக்கும். கையிருப்பும் மிஞ்சும்.

கால்பந்துக்கு இது மிகவும் பொருந்தும். தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு போட்டியில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை கடக்கிறார் என்றாலும், அது மாரத்தான் போலச் சீராக ஓடும் தூரமல்ல. நடை, மெல்லோட்டம், திடீர்ப் பாய்ச்சல், நிற்றல், மறுபடி பாய்ச்சல் என்று மாறிக்கொண்டே இருக்கும். டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ சோதனை இதைத்தான் அளக்கிறது: 20 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும், 10 விநாடி மெல்ல நடந்து மூச்சு விட வேண்டும், பீப் ஒலித்ததும் மறுபடி ஓட வேண்டும், வேகம் கூடிக்கொண்டே போகும். ஒரு சிறுவனின் கால்பந்துத் தாக்குப்பிடிப்பை அறிய, அவன் மைதானத்தை எத்தனை சுற்று ஓடுகிறான் என்று பார்ப்பதைவிட இந்தச் சோதனை நல்லது. சில கோன்களும் ஒலி எழுப்ப ஒரு செல்போனும் போதும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பருவமடையாத சிறுவர்களின் தசை, பெரியவர்களைவிட வேகமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தொடங்குகிறது. அவர்களுக்கு நீண்ட தயாரிப்பு தேவையே இல்லை. ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் பரப்பு அதிகம். காற்று தோலைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் அந்தப் பரப்பு வழியாக வெப்பம் உள்ளே ஏறும். ஒரு காலத்தில் குழந்தைகளால் பெரியவர்களைப் போல வெயிலைத் தாங்க முடியாது என்று மருத்துவ உலகம் கருதியது. 2011-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அந்தக் கருத்தைத் திருத்தியது. தண்ணீரும் ஓய்வும் முறையாகக் கிடைத்தால் அவர்கள் பெரியவர்களுக்கு இணையாகவே சமாளிக்கிறார்கள் என்றது. முறையாகக் கிடைத்தால் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை.

உடல் முன்பே சூடாகிவிட்டால் தாக்குப்பிடிப்பு என்ன ஆகும் என்று பார்க்க, கோபன்ஹேகனுக்குப் போவோம். அங்கே ஆய்வு செய்த கோன்சாலெஸ்-அலோன்சோவும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஒரு சோதனையை ஒவ்வொரு பயிற்சியாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நன்கு பயிற்சி பெற்ற 7 சைக்கிள் வீரர்களை 40 டிகிரி வெப்ப அறையில் மிதிக்க வைத்தார்கள். மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று வெவ்வேறு உடல் வெப்பத்தில் தொடங்க வைத்தார்கள். குளிர்ந்த நீரில் அமர்த்தி உடலை 36 டிகிரியை ஒட்டிக் கொண்டுவந்த நாளில் அவர்கள் சராசரியாக 63 நிமிடம் மிதித்தார்கள். 37 டிகிரியைத் தாண்டிய வழக்கமான நிலையில் 46 நிமிடம். முன்பே 38 டிகிரிக்குச் சூடாக்கிய நாளில் வெறும் 28 நிமிடம். மூன்று நாளும் உடலின் உள் வெப்பம் 40 டிகிரியை எட்டிய இடத்தில்தான் ஓய்ந்தார்கள். தசையில் எரிபொருள் இருந்தாலும், அந்த எல்லையில் உடல் மேலே போக மறுத்தது.

40 டிகிரி என்பது கோபன்ஹேகனுக்கு ஆய்வுக்கூடத்துச் செயற்கை வெப்பம். சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் காஞ்சிக்கு அது மே மாதத்துப் பிற்பகல். அந்த எல்லைக்கும் பிள்ளையின் உடலுக்கும் நடுவில் உள்ள மூன்று டிகிரிதான் அவன் ஆட வேண்டிய ஆட்டம். அதில் ஒரு டிகிரியை 'அஞ்சு ரவுண்டு' என்ற பெயரில் முதலிலேயே செலவழித்துவிட்டால், இரண்டாம் பாதியில் அவன் இடுப்பில் கை வைத்து நிற்பதற்கு அவனைத் திட்டுவது நியாயமில்லை.

எனவே காஞ்சியில் வார்ம்-அப்பின் குறிக்கோள் இதுதான்: தசை சூடாக வேண்டும், உடல் சூடாகக் கூடாது. தசை வேகமாகச் சூடேறும், உடல் மெதுவாக ஏறும் என்பதால் இது முடியும். குறைந்த நேரம், கூடிய வேகம், நிழல்: இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் பாவை நீட்டிக் கட்டி இழை சரிபார்க்கும் வேலையை வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே முடித்துவிடுவது அவர்கள் வழக்கம். தயாரிப்பு எவ்வளவு முக்கியமோ, அதற்குரிய பொழுதும் அவ்வளவு முக்கியம்.

நடைமுறையில் எப்படி? இரண்டு மூன்று நிமிடம் மெல்லோட்டம், அதுவும் மரநிழலில் அல்லது பார்வையாளர் திண்ணை ஓரத்தில். அடுத்து நான்கைந்து நிமிடம் அசைவோடு கூடிய நீட்சி: முழங்காலை உயர்த்தி நடப்பது, இடுப்பை வெளியே சுழற்றுவது, பக்கவாட்டில் தாவுவது. பிறகு பந்தோடு நான்குக்கு நான்கு சிறிய ஆட்டம், இரண்டு நிமிடம். கடைசியாக முழு வேகத்தில் மூன்று நான்கு குறும்பாய்ச்சல். நடுவே மூச்சு வாங்கும் ஓய்வையும் சேர்த்து மொத்தம் 12 முதல் 15 நிமிடம். வெயில் கடுமையான நாளில் பத்தே போதும். பாலாற்று மணலில் ஓடிப் பயிற்சி செய்கிறவர்கள் இன்னும் குறைக்கலாம். மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் பிடிக்கும் என்று 1998-இலேயே அளந்திருக்கிறார்கள்.

நீண்ட வார்ம்-அப் நல்லது என்ற நம்பிக்கை குளிர்நாடுகளிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. கனடாவின் கால்கரியில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிள் பந்தய வீரர்கள் பழக்கப்படி ஏறக்குறைய 50 நிமிடம் செய்துவந்த வார்ம்-அப்பைக் கால் மணி நேர அளவுக்குச் சுருக்கியபோது, அவர்களின் உச்ச வலிமை கூடியது. நீண்டதைச் செய்தபோது தசை களைத்திருந்தது.

அசையாமல் இழுத்துப் பிடிக்கும் நீட்சியைப் பற்றிப் பயந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். ஒரு தசையை 45 விநாடிக்குக் குறைவாக இழுத்தால் பெரிய பாதிப்பு இல்லை, ஒரு நிமிடத்தைத் தாண்டினால்தான் வலிமை சற்று இறங்குகிறது என்று 2012-இல் வந்த விரிவான தொகுப்பாய்வு சொல்கிறது. என் குறை வேறு: வெயிலில் வட்டமாக நின்று இழுக்கும் நேரத்தில் தசை ஆறுகிறது, தோல் காய்கிறது. அதை ஆட்டம் முடிந்த பிறகு, நிழலில் உட்கார்ந்து செய்யட்டும்.

இதுவரை பார்த்தது அன்றைய ஆட்டத்தின் கணக்கு. பருவம் முழுவதற்குமான கணக்கு ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. தாக்குப்பிடிக்கும் திறன் வாரக்கணக்கான இடைவிடாத பயிற்சியில் வளர்வது. முழங்காலோ கணுக்காலோ பிசகி ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்த பிள்ளை, சேர்த்ததில் பெரும்பகுதியை இழந்துவிடும். காயத்தைத் தடுக்கும் வார்ம்-அப் அந்த வகையில் தாக்குப்பிடிப்பைக் காக்கிறது. 2006-இல் ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம், ஓஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தோடும் அமெரிக்க நிபுணர்களோடும் சேர்ந்து '11+' என்ற முறையை வகுத்தது. 15 பயிற்சிகள், 20 நிமிடம்: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் வலிமை, சமநிலை, தாவல், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் 125 கழகங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 சிறுமிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2008-இல் வந்த முடிவின்படி, மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், கடுமையான காயங்கள் பாதி அளவுக்கும் குறைந்தன.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று நைஜீரியாவிலிருந்து வருகிறது. புழுக்கமும் வெயிலும் நிறைந்த லாகோஸ் நகரின் ஜூனியர் லீகில் 14 முதல் 19 வயது வரையுள்ள 416 பையன்கள் பங்கேற்ற ஆய்வு அது, 2014-இல் வெளியானது. '11+' செய்த அணிகளில் காயங்கள் 41 சதவீதம் குறைந்தன. பணக்கார நாட்டு வசதி இல்லாத மைதானங்களிலும் இது வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுவது பெண் பிள்ளைகளுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2018-இலும் 2023-இலும் தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டில், பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

ஆனால் வெயிலில் இந்த 20 நிமிடத்தை அப்படியே போட்டி நாளில் செய்ய வேண்டாம். வலிமை, சமநிலைப் பகுதியை வாரத்துக்கு இரண்டு மூன்று பயிற்சி நாட்களில், காலை ஆறு மணிக் குளிர்ச்சியில் வைத்துக்கொள்ளலாம். போட்டி நாளில் ஓட்டப் பகுதிகள் மட்டும் போதும். அந்த முறையை வகுத்தவர்களே போட்டிக்கு முன் ஓட்டப் பகுதிகளை மட்டும் செய்யச் சொல்கிறார்கள்.

சிறப்பு விருந்தினர் விஷயத்துக்குத் திரும்ப வேண்டும். டென்மார்க்கில் 2004-இல் வெளியான ஆய்வொன்றில், இடைவேளையின் 15 நிமிடத்தைச் சும்மா உட்கார்ந்து கழித்த ஆட்டக்காரர்களின் தொடைத் தசை வெப்பம் சுமார் 2 டிகிரி இறங்கியது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவர்களின் பாய்ச்சல் வேகமும் குறைந்தது. இடைவேளையில் ஏழு நிமிடம் போல மிதமாக ஓடியவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. நம் வெயிலில் தசை அந்த அளவுக்கு ஆறாது. ஆனாலும் வார்ம்-அப்புக்கும் விசிலுக்கும் நடுவே கைகுலுக்கலையும் பேச்சையும் வைப்பது இரண்டு வகையில் நட்டம்: தசையும் ஆறும், உடலும் காயும். விழாவை முதலில் முடியுங்கள், அணிகள் பிறகு சூடேறட்டும். போட்டி நடத்துகிறவர்கள் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியை மேலே தூக்கி வைத்தால் போதும், காசு ஒன்றும் ஆகாது.

சூடேற்றுவதோடு குளிர்விப்பதும் இந்தக் கலையில் அடக்கம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியத் துடுப்புப் படகு வீரர்கள் பனிக்கட்டி அடைத்த மேற்சட்டை அணிந்து வார்ம்-அப் செய்தார்கள். கால் சூடேறியது, நெஞ்சும் முதுகும் குளிர்ந்திருந்தன. நமக்கு அந்தச் சட்டை தேவையில்லை. நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டு ஒன்று கழுத்திலும் தோளிலும் கிடந்தால் பெருமளவு வேலை நடக்கும். உப்பிட்ட மோர் ஒரு வாளி ஓரமாக இருக்கட்டும். 2014 பிரேசில் உலகக் கோப்பையில், காற்றின் ஈரத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் உருண்டை வெப்ப அளவு 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் இடைவேளை விட ஃபிஃபா ஏற்பாடு செய்தது. அந்த அளவில் ஈரத்துக்கு 70 சதவீத எடை உண்டு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, வியர்த்தும் உடல் குளிராது. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த இடைவேளையைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க ரெஃப்ரி தயங்கக் கூடாது.

மாற்று ஆட்டக்காரர்களை மறந்துவிடுகிறோம். அவர்கள் எல்லோரோடும் சேர்ந்து சூடேறி, பிறகு ஒரு மணி நேரம் வெயில் அடிக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, அறுபதாவது நிமிடத்தில் திடுமெனக் களத்துக்குள் அனுப்பப்படுகிறார்கள். தசை ஆறிய உடல், ஆனால் உள்ளே சூடு ஏறிய உடல்: இரண்டு பக்கமும் கெட்ட நிலை. பெஞ்சை முதலில் நிழலுக்கு நகர்த்துங்கள். ஈரத்துண்டைக் கொடுங்கள். உள்ளே அனுப்பும் எண்ணம் வந்தவுடன், கோட்டுக்கு வெளியே மூன்று நான்கு நிமிடம் தாவலும், இரண்டு முழு வேகப் பாய்ச்சலும் செய்யச் சொல்லி, அதற்குப் பிறகு ரெஃப்ரியிடம் கை காட்டுங்கள்.