டெல்லிக்கு விமானம்: பறக்கும் நேரமும் பயண நேரமும்

பாதாம், அக்ரூட், உலர் திராட்சை கொள்முதலுக்கு டெல்லி காரி பாவ்லி சந்தைக்குச் செல்லும் வணிகர்கள் நம்மில் உண்டு. "காலை 7 மணி விமானம், 10 மணிக்கு உங்கள் கடையில் இருப்போம்" என்று அங்குள்ள மொத்த வியாபாரியிடம் சொல்லிவிடுகிறோம். அந்த நேரத்துக்குப் போய்ச் சேரவே முடியாது. வாக்குத் தவறினால் நல்ல சரக்கு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் பாதை சுமார் 2,180 கி.மீ.; வான்வழியில் நேராகச் சுமார் 1,760 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்றால் 2¼ மணி நேரம் போதும். ஆனால் கால அட்டவணையில் ஏறக்குறைய 2¾ மணி நேரம் இருக்கும். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் டெல்லியில் போய் நிற்பது வரை அதில் அடக்கம்.

நம் கணக்கு அதோடு முடிவதில்லை. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 1 மணி, முன்கூட்டிச் சேர்வது 2 மணி, விமானம் 2¾ மணி, பெட்டி எடுக்க ½ மணி, சந்தைக்குச் செல்ல 1¼ மணி. ஆக 7½ மணி நேரம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் 11.30-க்குத்தான் சந்தை.

டிசம்பர், ஜனவரியில் டெல்லியின் காலை மூடுபனியால் விமானங்கள் பல மணி நேரம் தாமதமாவதுண்டு. அம்மாதங்களில் முதல் நாளே சென்று தங்குவது நல்லது. மற்ற நாட்களில் பகல் 12 மணிக்கு மேல் நேரம் கொடுப்போம். சொன்ன சொல்லும் நிற்கும், சரக்கும் கிடைக்கும்.