ஆற்றை முதலில் வரையுங்கள்

மாணவர்களே, ஐவர் கொண்ட குழுவாகச் சேர்ந்து ஒரு கற்பனை நகரத்தை வடிவமைக்கச் சொன்னால் முதலில் எதை வரைவீர்கள்? பேரங்காடியா? காற்பந்துத் திடலா? எல்ஆர்டி நிலையமா? அவற்றுக்கு முன் நிலத்தின் மேடு பள்ளத்தையும் ஆற்றையும் வரையுங்கள். தண்ணீர் போகும் வழியைப் பார்க்காமல் கட்டிய நகரம் கனமழையில் தவிக்கும்.

மாஜோங் தாளில் 50 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் போடுங்கள். அளவுத்திட்டம் 1 செ.மீ.க்கு 100 மீட்டர். ஆக, உங்கள் நகரம் 5 கி.மீ. நீளம், 5 கி.மீ. அகலம். அதை 10 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து 1 முதல் 25 வரை எண்ணிடுங்கள். ஒவ்வொரு கட்டமும் 1 சதுர கிலோமீட்டர்.

அடுத்து, சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இவை இணைக்கும். 10 மீட்டர் உயரத்திற்கு ஒரு கோடு போதும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு அதிகம், விலகியிருந்தால் சமவெளி. ஆறு எப்போதும் உயரமான கோட்டிலிருந்து தாழ்ந்த கோட்டை நோக்கியே ஓட வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கட்டத்தில் 50 மி.மீ. மழை பெய்கிறது. 1,000,000 சதுர மீட்டரை 0.05 மீட்டரால் பெருக்கினால் 50,000 கன மீட்டர் நீர். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளங்கள் 20 நிரம்பும்! அந்தக் கட்டம் காடாக இருந்தால் மரமும் மண்ணும் நீரைப் பிடித்து மெதுவாக விடும். தாரும் சிமெண்டும் மூடிய நிலமானால் பெரும்பகுதி உடனே கால்வாய்க்கு ஓடிவரும்.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் வளர்ந்த கோலாலம்பூர் இதை நன்கு அறியும். அங்கே 9.7 கி.மீ. நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கப்பாதை 2007இல் திறக்கப்பட்டது. வெள்ளம் கடுமையானால் அதன் சாலைப் பகுதியிலிருந்து வாகனங்களை வெளியேற்றிவிட்டு நீரைத் திருப்பிவிடுகிறார்கள். ஆனாலும், டிசம்பர் 2021 பெருமழையில் ஷா ஆலாமின் தாழ்வான குடியிருப்புகள் மூழ்கின.

ஆகவே மருத்துவமனையை மேட்டில் வையுங்கள். ஆற்றோரத்தில் வீடுகளுக்குப் பதிலாகப் பூங்காவும் வெள்ளநீர்க் குளமும் அமையட்டும். குடிநீர் எடுக்கும் இடம் ஆற்றின் மேற்பகுதியிலும், சுத்திகரித்த கழிவுநீரை விடும் இடம் கீழ்ப்பகுதியிலும் இருக்கட்டும். பிறகு அடுத்த குழுவின் வரைபடத்தை உங்கள் ஆறு முடியும் பக்கத்தில் ஒட்டுங்கள். நீங்கள் வெளியேற்றும் நீர்தான் அவர்களுக்குக் குடிநீர். இப்போதும் உங்கள் திட்டம் சரியா?

கடைசியாக, வீடுகள் உள்ள கட்டங்களின் எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். ஆளுக்கு ஒரு சீட்டு எடுங்கள். அந்தக் கட்டத்தில்தான் உங்கள் குடும்பம் வாழப்போகிறது. தாழ்வான கட்டம் கிடைத்தவர் அங்கே குடியிருக்கச் சம்மதித்தால் வரைபடம் முடிந்தது. மறுத்தால், ஐவரும் சேர்ந்து அதைத் திருத்துங்கள்.