சிறுவர் நூல்களும் பரிசுத் தெரிவும்

சிறுவர் நூல்களைத் தெரிந்து பரிசளிக்கும் பணி யாழ்ப்பாணத்திற் பெரும்பாலும் ஊதியங் கருதாத நூலன்பர்களாலேயே நடைபெற்று வந்துள்ளது. இதற்கு முன்னோடியெனக் கொள்ளத்தக்கது, வித்தியாதரிசியாயிருந்த க. ச. அருணந்தியின் முயற்சியால் நடைபெற்ற குழந்தைப் பாடற் போட்டியாகும். அதன் பயனாகவே வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 1935இல் ‘பிள்ளைப் பாட்டு’ எனுந் தொகுப்பை வெளியிட்டது. பிற்காலத்தில் இலங்கை இலக்கியப் பேரவை வழங்கிய ஆண்டுப் பரிசுகளிற் சிறுவர் இலக்கியமும் ஒரு பிரிவாயிற்று.

நடுவராவோர் ஆசிரியரோ எழுத்தாளரோ ஆவர். ஆதலின், அறிவுரை மிக்க நூல் முந்திக்கொள்ளுதல் இயல்பு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் கத்தரித் தோட்டத்து வெருளியை நோக்குக. அஃது அறிவுரையாலன்று, ஓசையாலும் நகையாலுமே பிள்ளைகள் நாவில் நிலைத்தது. எனவே, போட்டிக்கு வந்த நூலை ஒரு பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்டி, அப்பிள்ளை எவ்விடத்தே சிரித்தது, எவ்விடத்தே கொட்டாவி விட்டது எனக் கண்ட பின்னரே புள்ளியிடுதல் தகும். நடுவர் சிலர்க்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

தெரிந்த நூல் பிள்ளைகள் கைக்கெட்டாதாயின் பரிசு ஆசிரியர்க்கு மாத்திரமே. 1967இற் சிறுவர் பகுதி திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டது. ஓரிடத்திலேயே நூல்களைச் சேர்த்துவைத்தலின் இடரை அந்நிகழ்வு உணர்த்திற்று. நடுவர் படித்து முடித்த பிரதிகளையேனும் ஊர் வாசிகசாலைகளுக்குப் பகிர்ந்தளித்தல் பேரவை போன்ற அமைப்புகளுக்கு அரிதன்று.