அடிமைக் குன்றில் வாழ்ந்தவர் யார்?

இஸ்ரேல் நாட்டின் தென்கோடித் துறைமுகம் ஏலாத். அதற்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் திம்னா என்னும் பாலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்று அது ஒரு பூங்கா. பூங்கா என்றதும் மலரையும் புல்லையும் எண்ணிவிட வேண்டா. அங்கே காணத்தக்கவை கல்லும் குழியுமே.

முதலில் கண்ணைக் கவர்வன ‘சாலமன் தூண்கள்’. மன்னர் எவரும் எழுப்பியவை அல்ல அவை. செம்மணற்கல் மலையின் விரிசல்களை மழைநீரும் காற்றும் அரித்து அரித்து உண்டாக்கியவை. அடி ஒடுங்கித் தலை பருத்த காளான் பாறையும் அவ்வாறு தேய்ந்ததே.

வெளிறிய மணற்கல்லில் ஆங்காங்கே பச்சைப் புள்ளிகள் தென்படும். செம்பின் தாது அது. அதைத் தேடியே பண்டை மக்கள் கிணறுபோல் குழிகள் வெட்டினர். ஏறி இறங்கச் சுவரிலேயே கால் பதிக்கும் பள்ளங்கள் செதுக்கினர். இத்தகைய குழிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. தாதைக் கரியோடு உலையிலிட்டு, துருத்தியால் ஊதிச் செம்பை உருக்கினர்.

உருக்கியவர் யார்? 1930களில் இங்கு ஆய்ந்த நெல்சன் குளூக், இவை சாலமன் மன்னனின் சுரங்கங்கள் என்றார். மதில் சூழ்ந்த குன்றொன்றைக் கண்டு, அடிமைகள் தப்பாதிருக்கவே அம்மதில் எனக் கருதி, ‘அடிமைக் குன்று’ எனப் பெயரிட்டார். இவ்வெயிலில் விரும்பி உழைப்பவர் யார் என்று நமக்கும் தோன்றும் அல்லவா? 1969இல் பெனோ ரோத்தன்பர்க், தூண்களின் அடியில் ஹாத்தோர் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் கோயிலைத் தோண்டி எடுத்தார். அது கி.மு. 13, 12ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியது. சாலமன் கதை அத்துடன் சாய்ந்தது.

ஆனால் 2013 முதல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் எரெஸ் பென்-யோசெப் குழுவினர் அக்குன்றைத் தோண்டினர். பேரீச்சங் கொட்டை போன்றவற்றின் கதிர்க்கரிக் கணிப்பு, எகிப்தியர் நீங்கிய பின்னரான கி.மு. 10ஆம் நூற்றாண்டைக் காட்டியது. சாலமனுக்குரியதாகச் சொல்லப்படும் காலந்தான்! எனினும் அங்கு உழைத்தவர் ஏதோமியர் என்பதே அவர்கள் முடிவு.

அதனினும் வியப்பு, உலைக்களத்தார் உண்ட உணவு. ஆட்டின் நல்ல தசைப் பகுதிகளின் எலும்புகளும், நெடுந்தொலைவிலுள்ள மத்தியதரைக் கடலின் மீன் முட்களும் கிடைத்தன. சாயந்தோய்ந்த கம்பளித் துணியும் இருந்தது. அடிமைக்கு யார் மீன் வரவழைத்துத் தருவார்? உலைவேலை அடித்து வாங்கும் வேலையன்று. காற்றின் அளவு சற்றே பிழைத்தாலும் தாது கெடும். கைதேர்ந்தவரைப் பேணித்தான் ஆகவேண்டும். மதிலும் வெளியாரைத் தடுக்கவே எழுந்தது என்கின்றனர் இன்றைய ஆய்வாளர். அதன் வாயிலருகே கிடைத்த கழுதைச் சாணத்தில் திராட்சைச் சக்கை காணப்பட்டது. பொதி சுமந்த கழுதைக்குக்கூடத் தீவனம் வெளியூரிலிருந்து வந்திருக்கிறது.