பெயர் மாறினால் போதும்: வளைகுடாவுக்கு ஒரு லோகோ வந்து சேரும் கதை



இந்த வார எபிசோடில் ‘வீட்’ பில்ட் டூல் பற்றிப் பேசினோம் இல்லையா, அதில் நேரம் போதாமல் ஐந்து நிமிடத்தில் முடித்த பகுதி ஒன்று உண்டு. படம், ஃபான்ட், ஐகான் மாதிரியான ஸ்டாட்டிக் ஃபைல்களை எங்கே வைப்பது, கோடில் எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் அது. ‘ஒரு ஃபோல்டர்ல போட்டா வேலை முடிஞ்சுது, இதுல பேச என்ன இருக்கு?’ என்று கேட்பீர்கள். துபாய், ஷார்ஜா, குவைத், தோஹா மக்களுக்காக சைட் செய்கிறவர்களுக்கு இதில் பேச நிறைய இருக்கு.

முதலில் கடலுக்கு அடியில்

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடி கேபிள்கள் அறுந்தன. இரண்டே நாளில், துபாய்க்கும் ஓமனுக்கும் இடையே ஃபால்கன் கேபிளும் போச்சு. வளைகுடாவிலிருந்து இந்தியா வரை இன்டர்நெட் தவழ்ந்தது. ஃபால்கனை அறுத்தது யாரோ கைவிட்ட ஒரு நங்கூரம். எடை ஐந்தாறு டன்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2025 செப்டம்பர் 6 அன்று ஜெட்டா அருகே செங்கடலில் மறுபடியும் கேபிள்கள் அறுந்தன. அமீரகத்தில் எடிசலாட், டு இரண்டின் வாடிக்கையாளர்களும் வேகம் குறைந்ததாகச் சொன்னார்கள். அசூர் கூட, மத்திய கிழக்கு வழியாகப் போகும் டிராஃபிக்கில் தாமதம் இருக்கும் என்று அறிவித்தது.

நம்ம சர்வர் ஐரோப்பாவில் இருந்தால், ஒவ்வொரு படமும் ஃபான்ட்டும் அந்த வழியாகத்தான் நீந்தி வரணும். அதனால்தான் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு காப்பி வைத்துக்கொள்கிறோம். அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் 2018-இல் துபாயிலும் ஃபுஜைராவிலும் எட்ஜ் தளங்களைத் திறந்தது இதற்குத்தான். அதைவிடப் பக்கமான இடம், யூசரின் போனில் இருக்கும் பிரவுசர் கேஷ். (எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் எண்ணித் தருகிற கேஷ் வேற!)

ஆனால் காப்பி வைத்தால் ஒரு கேள்வி வரும்: அது பழசா, புதுசா என்று எப்படித் தெரியும்?

பெயரிலேயே பதில்

வீட் இதற்குச் சொல்லும் பதில் எளிமையானது. சோர்ஸ் ஃபோல்டருக்குள் லோகோவை வைத்து, கோடில் ‘இம்போர்ட்’ செய்தால், பில்டின்போது அதன் பெயரோடு எட்டு எழுத்து ஹாஷ் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஹாஷ் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறும், அதோடு பெயரும் மாறும். படம் மாறாவிட்டால் நூறு தடவை பில்ட் செய்தாலும் அதே பெயர்தான்.

இதனால் அந்த ஃபைலுக்கு ‘ஒரு வருஷம் வைத்துக்கொள், திரும்பக் கேட்கவே வேண்டாம்’ என்று பிரவுசரிடம் தைரியமாகச் சொல்லலாம். கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் மேக்ஸ்-ஏஜ் 31536000 நொடி, கூடவே ‘இம்யூட்டபிள்’. முக்கியமாக ஒரு ஃபைலுக்கு இது கூடாது: இன்டெக்ஸ் எச்டிஎம்எல். எந்தப் பெயர்களைக் கூப்பிடணும் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. அதற்கு ‘நோ-கேஷ்’ போடுங்கள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டு உறுதி செய்துகொள் என்று அர்த்தம். அப்போது, ஏற்கெனவே வந்து போன யூசருக்காகக் கடல் தாண்ட வேண்டியது அந்தச் சின்ன எச்டிஎம்எல்லும் புதிதாக மாறிய ஃபைல்களும் மட்டும்தான்.

இன்னொன்று: 4,096 பைட்டுக்குக் குறைவான ஐகான்களை வீட் தனி ஃபைலாக வைக்காமல் பேஸ்64 ஆக்கி கோடுக்குள்ளேயே சேர்த்துவிடும். ஒரு ரிக்வெஸ்ட் மிச்சம். பதிலுக்கு அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால் இந்த எல்லையை ரொம்ப ஏற்ற வேண்டாம்.

பப்ளிக் ஃபோல்டர் யாருக்கு?

பப்ளிக் ஃபோல்டரில் போட்டதை வீட் தொடவே தொடாது. பெயர் மாறாது, ஹாஷ் வராது, அப்படியே காப்பி ஆகும். ரோபோட்ஸ் ஃபைல், ஃபேவிகான், வாட்ஸ்அப்பில் லிங்க் பகிரும்போது தெரிகிற பிரிவ்யூ படம் இதெல்லாம் ஒரே பெயரில் இருக்கணும் என்பதால் இங்கேதான் சரி.

மற்றதை இங்கே போட்டால் என்ன ஆகும்? தேராவில் ஒரு எக்ஸ்சேஞ்ச், தன் சர்வீஸ் சார்ஜ் பட்டியலை ஒரு படமாக பப்ளிக் ஃபோல்டரில் வைத்து, நீண்ட நாள் கேஷும் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறுது, அதே பெயரில் புதுப் படம் போடுறாங்க. சோனாப்பூர் கேம்ப்பில் இருக்கும் ஒரு அண்ணன் போனில் பழைய படமே தெரியும். அதை நம்பி பஸ் பிடித்து கவுன்டருக்கு வந்து நின்றால், வேற கணக்கு சொல்வார்கள். ஊருக்கு அனுப்ப எண்ணி எடுத்து வந்த பணம் அது. ‘ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க பாஸ்’ என்று அவரிடம் சொல்ல முடியுமா?

லோக்கலில் ஓடும், லைவில் ஓடாது

நாணயப் பட்டியலில் ஆறு நாட்டுக் கொடி. இமேஜ் டேக்கில் சோர்ஸ் ஃபோல்டர் பாதையை வெறும் ஸ்ட்ரிங்காக ஜாவாஸ்கிரிப்ட்டில் கோர்த்துக் கொடுத்தால், டெவ் சர்வரில் கொடி பறக்கும். காரணம், டெவ் சர்வர் ப்ராஜெக்ட் ரூட்டிலிருந்தே ஃபைல்களைத் தருகிறது. பில்டில் வீட்டுக்கு அந்த ஸ்ட்ரிங் ஒரு ஃபைல் என்றே தெரியாது, லைவில் 404. இம்போர்ட் செய்யுங்கள், இல்லையென்றால் ‘இம்போர்ட் மெட்டா குளோப்’ மூலம் ஃபோல்டரை மொத்தமாக எடுங்கள். சைட் ஒரு சப்-ஃபோல்டரில் ஓடுகிறது என்றால் கான்ஃபிகில் ‘பேஸ்’ அமைப்பையும் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிப்ளாய்

2022 ஜனவரியிலிருந்து அமீரக அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு லீவு, வெள்ளி அரை நாள். சவூதி, குவைத்தில் வெள்ளி, சனி லீவு. அதாவது துபாயில் நாம் ‘யாரும் இருக்க மாட்டாங்க’ என்று டிப்ளாய் செய்யும் ஞாயிறு, ரியாத்தில் வாரத்தின் முதல் வேலைநாள்.

அங்கே ஒருவர் காலையிலேயே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். வீட் ஒவ்வொரு பில்டிலும் பழைய அவுட்புட்டைத் துடைத்துவிடும். நம்ம ஸ்கிரிப்ட் சர்வரிலும் அதே மாதிரி துடைத்தால், அவர் அடுத்த பட்டனை அமுக்கும்போது கேட்கிற பழைய பெயர் ஃபைல் அங்கே இருக்காது. பல சர்வர்கள் அதற்குப் பதிலாக இன்டெக்ஸ் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். கன்சோலில் மைம் டைப் எரர், திரையில் வெறும் வெள்ளை. அவர் பாதி நிரப்பிய ஃபார்ம் காலி.

வழி இருக்கு. புது ஃபைல்களை முதலில் ஏற்றுங்கள், எச்டிஎம்எல்லைக் கடைசியில் மாற்றுங்கள், பழைய ஹாஷ் ஃபைல்களைச் சில நாட்களுக்கு விட்டு வையுங்கள். பெயர் வேறு என்பதால் பழசும் புதுசும் சண்டை போடாது. அதையும் தாண்டி விழுந்தால், வீட் எழுப்பும் ‘ப்ரீலோட் எரர்’ ஈவென்ட்டைப் பிடித்து, யூசரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்யலாம்.

இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். பில்ட் முடித்து, வீட் பிரிவ்யூவில் சைட்டைத் திறந்து, நெட்வொர்க் டேபில் ஃபைல் பெயர்களை வரிசையாகப் படியுங்கள். ஹாஷ் இல்லாத ஒவ்வொரு பெயரையும் ‘நீ மாறினால் குவைத்தில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். பதில் இல்லாத ஃபைலை பப்ளிக்கிலிருந்து எடுத்து சோர்ஸுக்குள் வையுங்கள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!